மெழுகுவர்த்திக்கு ஒரு லேபிள்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. கடையிலிருந்து சாமான் வாங்கி வந்ததும் நாம் கிழித்து எறிந்துவிடுகிறோமே, அந்த ஒட்டுச் சீட்டைப் பற்றியது. லேபிள் என்று சொன்னால்தான் எல்லாருக்கும் விளங்கும். சரித்திரம் என்றால் ராஜாக்களும் சண்டைகளும்தானே, லேபிளுக்கு ஏது சரித்திரம் என்று சிலர் கேட்கலாம். உண்டு. அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதை மெழுகுவர்த்தியிலிருந்தே தொடங்கலாம்.

மெழுகுவர்த்தியை நாம் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிவிட்ட குடும்பங்களிலும், நம் பெண்கள் சிலர் வீட்டிலேயே மெழுகுவர்த்தி வார்த்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கும் திருமணங்களுக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் மணம் கலந்து வார்த்துக் கொடுக்கிறார்கள். சரக்கு நல்ல சரக்கு. ஆனால், பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் அதை லேபிள் இல்லாமல் மொத்தமாக வாங்கி, தம்முடைய லேபிளை ஒட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்றதை நாம் அறிவோம். அவரைத் திட்டிப் பயனில்லை. லேபிள் இல்லாத பொருள் பெயர் வைக்காத பிள்ளையைப் போன்றது. யார் வேண்டுமானாலும் தங்கள் பெயரைச் சொல்லி அழைத்துப் போகலாம்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். 14ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் நல்ல மெழுகுவர்த்தி என்றால் தேன்மெழுகால் ஆனது. தேன்மெழுகு விலை உயர்ந்தது. விலை உயர்ந்த இடத்தில் கலப்படமும் வந்துவிடும் அல்லவா? மலிவான கொழுப்பையும் குங்கிலியத்தையும் கலந்து விற்றவர்கள் இருந்தார்கள். அதனால் யோக்கியமாகத் தொழில் செய்தவர்களுக்கும் கெட்ட பெயர். 1371ஆம் ஆண்டில் மெழுகு வணிகர்கள் நகர ஆட்சியாளர்களிடம் மனுச் செய்து தங்களுக்கென்று ஒழுங்கு விதிகளைப் பெற்றார்கள். ஒவ்வொரு வணிகருக்கும் தனியாக ஒரு குறி இருக்க வேண்டும், அவர் விற்கும் பந்தங்களிலும் மெழுகுவர்த்திகளிலும் அந்தக் குறியைப் பதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. பிறகு 1484ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் அவர்களுடைய சங்கத்துக்குச் சாசனம் வழங்கினார். கலப்பட மெழுகைத் தேடிப் பிடிக்கும் அதிகாரமும் அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் குறி சரக்கைப் புகழ்வதற்காக வைக்கப்படவில்லை. குற்றம் கண்டால் ஆளைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. 'இதைச் செய்தவன் நான், குறை இருந்தால் என் வாசலுக்கு வா' என்பதே அதன் பொருள். புகழ்ச்சியெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

அடுத்து 1830ஆம் ஆண்டு. ஏழைகள் வீட்டில் எரிந்தது மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தி. நாற்றமும் புகையும் தாங்காது. அடிக்கடி திரியைக் கத்தரித்துவிட வேண்டும். அந்த ஆண்டில் வில்லியம் வில்சன், பெஞ்சமின் லங்காஸ்டர் என்ற இருவர் தேங்காய் எண்ணெயிலிருந்து மெழுகுவர்த்தி செய்யும் முயற்சியில் இறங்கினார்கள். அதற்காக இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னந்தோட்டத்திலும் பணம் போட்டார்கள். ஆனால், மெழுகுவர்த்தித் தொழில் அந்நாளில் கௌரவக் குறைவான தொழில். மதிப்புள்ள வணிகர்களாகிய அவர்களுக்குத் தங்கள் பெயரைப் போட வெட்கம். ஆகவே 'எட்வர்டு பிரைஸ்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். தொழிலை நடத்திய இருவரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் இல்லை! அந்தப் 'பிரைஸ்' மெழுகுவர்த்திதான் பிறகு உலகமெங்கும் போயிற்று. 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்தின்போது, திரி கத்தரிக்கத் தேவையில்லாத மலிவான மெழுகுவர்த்தியை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை எண்ணெயையும் பயன்படுத்தினார்கள். செம்பனை என்றதும் நம் வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில்தான் மலாயாவில் வாணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்டது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அதே எண்ணெய் லண்டனில் மெழுகுவர்த்தியாக எரிந்துகொண்டிருந்தது. இன்று நம் பெண்கள் வார்க்கும் மெழுகிலும் செம்பனை ஸ்டியரின் கலந்திருப்பது உண்டு. எங்கள் மெழுகுவர்த்தியை வாங்கினால் அடிமை வாணிகத்தை ஒழிக்க உதவியதாகும் என்றுகூட அந்த நிறுவனம் விளம்பரம் செய்தது. ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்து விற்பதைவிட எண்ணெய் விற்பது லாபமானால் அடிமை வாணிகம் நின்றுவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அந்த எண்ணெயை எடுப்பதிலும் சுமப்பதிலும் அங்கே அடிமைகளின் உழைப்பு இருந்தது. அது லேபிளில் எப்படி வரும்?

அதே நிறுவனத்தைப் பற்றி இன்னொரு செய்தி. இது ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் பிடித்த செய்தி. 1840களின் பிற்பகுதியில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த சிறுவர்களில் ஆறேழு பேர், அன்றைய வேலை முடிந்து தேநீர் குடித்த பிறகு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு பெஞ்சுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து எழுதப் பழகினார்கள். கணக்கு அலுவலகத்தில் தேய்ந்துபோன பேனாக்களைக் கெஞ்சி வாங்கி, துண்டுக் காகிதங்களில் எழுதினார்கள். மேற்பார்வையாளர் அவர்களை விரட்டவில்லை, ஊக்கம் கொடுத்தார். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அதுவே நாளடைவில் தொழிற்சாலைப் பள்ளிக்கூடமாக வளர்ந்தது. தங்கள் கையால் செய்த பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசை இருந்திருக்கும்.

இனி காகித லேபிள் எப்படி வண்ணம் பெற்றது என்று பார்ப்போம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனபெல்டர் என்ற நாடகாசிரியர் இருந்தார். தம் நாடகங்களை அச்சிடப் பணமில்லாமல் தாமே வழி தேடியவர். 1796ஆம் ஆண்டு தொடங்கிச் சுண்ணாம்புக் கல்லை வைத்துச் சோதனை செய்து கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். அதன் சூட்சுமம் எளியது. எண்ணெயும் தண்ணீரும் சேராது, அவ்வளவுதான். கல்லின்மேல் கொழுப்பு மையால் படம் எழுத வேண்டும். பிறகு கல்லை நனைக்க வேண்டும். எழுதிய இடத்தில் தண்ணீர் ஒட்டாது, அச்சு மை ஒட்டும். மற்ற இடத்தில் தண்ணீர் நிற்கும், மை ஒட்டாது. காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். அந்த எழுது மையை அவர் எதிலிருந்து செய்தார் தெரியுமா? மெழுகு, சவர்க்காரம், விளக்குக் கரி. மெழுகுவர்த்தியின் மிச்சத்திலேயே லேபிள் பிறந்தது என்று நம் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லுவது உண்டு. 1837இல் எங்கெல்மான் என்பவர் வண்ணக் கல்லச்சுக்கு உரிமை பெற்றார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஆறு நிறம் வேண்டுமானால் ஆறு கல்.

வண்ணம் வந்ததும் லேபிள் கடல் கடந்தது. மான்செஸ்டர் துணி இந்தியாவுக்கு வந்தபோது, துணியின் மேல் சாமி படமும் யானைப் படமும் போட்ட சீட்டுகள் ஒட்டி வந்தன. எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துக் கேட்கட்டும் என்பதே அதன் நோக்கம். போலிகளும் பெருகவே, 1875இல் பிரிட்டனில் வாணிக முத்திரைப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1876 ஜனவரி முதல் தேதி, முதல் எண்ணில் பதிவானது பாஸ் என்ற பீர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். மருந்தையும் உணவையும் முந்திக்கொண்டு மதுபானம் வந்து நின்றதில் நமக்கு ஆச்சரியமில்லை. நம் தோட்டத்திலும் பள்ளிக்கூடத்தைவிடக் கள்ளுக்கடைக்கு ஆள் சீக்கிரம் போய்ச் சேரும்.

தமிழ்நாட்டில் சிவகாசிக்காரர்கள் இந்தக் கலையை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யப் பழகி, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து அங்கே அச்சுத் தொழில் வளர்ந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சாமி படக் காலண்டர்களில் பல அந்த ஊர் அச்சில் வந்தவையே.

நம் நாட்டில் லேபிளுக்கு வேறொரு பெயர் இருக்கிறது. 'சாப்' என்கிறோம். 'என்ன சாப் பால் டின்?' என்று மளிகைக் கடையில் கேட்பார்கள். முத்திரை என்று பொருள்படும் 'சாப்' என்ற இந்திச் சொல் மலாய் மொழியிலும் புகுந்து, சீனர், தமிழர் எல்லாருடைய வாயிலும் புழங்கிவிட்டது. கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் பிறந்தது. கோடாலிப் படத்தைக் காட்டினால் போதும், மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே மருந்தைக் கேட்டு வாங்கலாம். பல மொழி பேசும் மக்கள் ஒரே கடைக்கு வருகிற நாட்டில், படமே பொது மொழி.

தோட்டத்திலும் லேபிள் இருந்தது. பலர் அதை மறந்துவிட்டார்கள். புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்து, அழுத்திப் பேலாகக் கட்டி, வெள்ளைக் கலவை பூசி, அதன்மேல் தகட்டு அச்சை வைத்துத் தோட்டத்தின் குறியையும் ஆர்.எஸ்.எஸ். தர எண்ணையும் கறுப்பு மையால் எழுதுவார்கள். அந்தத் தரத்தை முடிவு செய்தது கண். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குமிழும் குப்பையும் இல்லாவிட்டால் முதல் தரம். விடியுமுன் எழுந்து மரம் சீவிய நம் தாய்மார்களின் சுத்தமான வாளியும், மங்கில் உதிர்ந்த பட்டைத் தூள் விழாமல் பார்த்துக்கொண்ட கவனமும் அந்த முதல் தரத்தில் அடங்கியிருந்தன. பேலின் மேல் தோட்டத்தின் பெயர் இருந்தது. சீவிய கையின் பெயர் எங்கும் இல்லை. 1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். என்னும் திட்டம் வந்தது. அதன்படி கண்ணுக்குப் பதிலாக ஆய்வுக்கூடம் அழுக்கின் அளவைச் சோதித்துத் தரம் சொல்லியது. பேல் 33 1/3 கிலோ எடையாகச் சிறுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தரக் குறியோடு போயிற்று. முப்பது பேல் சேர்ந்தால் ஒரு டன். பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, தோட்டத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தான் வார்த்த மெழுகுவர்த்திக்குத் தன் பெயரில் லேபிள் போடுவது சின்னக் காரியமில்லை. அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

முதலில் எழுத வேண்டியவை. பொருளின் பெயர், செய்தவர் பெயர், தொடர்பு கொள்ள முகவரி அல்லது தொலைபேசி எண், எத்தனை கிராம் மெழுகு என்ற எடை. கண்ணாடிக் கிண்ணத்தின் எடையை மெழுகின் எடையோடு சேர்க்கக் கூடாது. செம்பனை மெழுகை வார்த்துவிட்டுத் தேன்மெழுகு என்று எழுதினால், அது 1371இல் லண்டனில் செய்த அதே குற்றம். நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டின் வாணிக விவரிப்புச் சட்டம் பொய்யான விவரத்தைத் தடை செய்கிறது. பிறகு எச்சரிக்கை. எரியும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள், தீப்பற்றும் பொருளுக்கு அருகில் வைக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்ற மூன்றும் கட்டாயம் வேண்டும். மெழுகுவர்த்தி எச்சரிக்கைக்கென்று அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வகுத்த தர அளவும் இந்த மூன்றையே சொல்லுகிறது. தீ பிடித்தால் ஓட வழியில்லாத பலகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் நாம். அழகுக்கு இடம் போதாவிட்டால் பூப் படத்தைச் சிறிதாக்குங்கள், எச்சரிக்கையைச் சிறிதாக்க வேண்டாம்.

பெயரையும் சின்னத்தையும் பிறர் எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பதிவு செய்யலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் வாணிக முத்திரைச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஏற்கெனவே ஒருவர் பதிந்த சின்னத்தை நாம் எடுத்துப் போடக் கூடாது என்பதும் இதில் அடக்கம்.

அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு காகிதப் பட்டையைக் கிண்ணத்தைச் சுற்றிப் பிடித்து நீளத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். வாய் அகன்று அடி சுருங்கிய கிண்ணமானால் நேரான லேபிள் கோணலாக நிற்கும். சின்னதாக முன்பக்கம் மட்டும் ஒட்டலாம். தகடு செய்து அச்சிடும் முறை செனபெல்டரின் எண்ணெய்-தண்ணீர் முறையின் வாரிசுதான். அதில் நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றே. ஆகவே, கொஞ்சமாக அடித்தால் ஒவ்வொன்றும் விலை கூடும். கணினியிலிருந்து நேராக அச்சிடும் முறையில் தகடு கிடையாது; நூறு லேபிள் வேண்டுவோருக்கு அதுவே ஏற்றது. சாதாரணக் காகிதம் எண்ணெய் ஊறிக் கறுத்துவிடும். பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்ட லேபிள் கேளுங்கள். மெழுகு நன்றாக ஆறிய பிறகு, கண்ணாடியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் மட்டும் அச்சகத்தாரை நம்பி இருந்துவிடாதீர்கள். தமிழ் தெரியாதவர் கணினியில் எடுத்து வைக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்ற எழுத்து மூன்று துண்டாய்க் கிடக்கும். முழுவதையும் அடிக்குமுன் ஒரே ஒரு லேபிளை மாதிரிக்கு அடித்துத் தரச் சொல்லுங்கள். எழுத்தை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதைக் கிண்ணத்தில் ஒட்டி, மெழுகு அடிவரைக்கும் எரிந்து தீரும் வரை, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். லேபிள் சுருளாமல், நிறம் மாறாமல், எச்சரிக்கை எழுத்து மங்காமல் இருந்தால், மறுநாள் அச்சகத்தாரிடம் போய் மிச்சத்தை அடிக்கச் சொல்லலாம்.