டாக்டர் ஜான்ஸனும் அவர் மனைவியும்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் எவரும் சாமுவேல் ஜான்ஸன் என்னும் பெயரைக் கேளாமல் இருக்க முடியாது. 1755-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆங்கில அகராதியும், 1791-இல் பாஸ்வெல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாறும் வகுப்பறைகளில் பேசப்படுபவை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த அகராதி அன்று. ஜான்ஸனுடைய கழுத்தும் தோளும் கைகால்களும் அவருடைய விருப்பத்தைக் கேளாமலே செய்துவந்த அசைவுகளையும், அந்த அசைவுகளைக் கண்டும் அவரை மணந்துகொண்ட ஒரு பெண்மணியையும் பற்றியே பேசப் போகிறேன்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் கணவருக்கும் அந்நோய் இருக்கிறது. அவருடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்லுகிறேன். திருமணமான முதல் ஆண்டில், உறவினர் வீட்டு விருந்துகளில் அவருடைய கழுத்து வெட்டி இழுக்கும்போதெல்லாம், பிறர் காணாதபடி அவர் கையைக் கிள்ளுவேன். அவரும் அடக்கிக்கொள்வார். வீடு திரும்பியதும் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். “அடக்க முடிகிறதே, பின்னர் ஏன் எப்போதும் அடக்கக் கூடாது?” என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். வரலாறு கற்பிப்பவளாகிய எனக்கு அக்கேள்வியின் பிழையை உணர்த்தியது, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜான்ஸனின் வரலாறுதான்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கண் சிமிட்டல், முகச்சுளிப்பு, கழுத்து வெட்டு, தோள் குலுக்கல், தொண்டைச் செருமல், திடீர் ஒலி ஆகியவை ஒருவரிடம் மீண்டும் மீண்டும் எழுவதுண்டு. இவற்றை மருத்துவர் ‘டிக்’ என்பர்; நான் துடிப்பு என்றே சொல்லுகிறேன். உடல் துடிப்புகள் பலவும் குரல் துடிப்பு ஒன்றேனும் இளமையிலே தொடங்கி, ஓராண்டுக்கு மேலும் நீடித்தால் அது டூரெட் நோய் எனப்படும். இது பித்தும் அன்று, அறிவுக் குறையும் அன்று. தகாத சொற்களைக் கூவுவதே இந்நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். சிறுபான்மையோரிடமே அது காணப்படுகிறது.

ஜான்ஸன் 1709-இல் லிச்பீல்டு என்னும் ஊரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கழலை நோய் அவர் கழுத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது, பார்வையும் குறைந்தது. ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார், வறுமையால் பட்டம் பெறாமலே திரும்பினார். ஆசிரியர் வேலை தேடியபோது அவருடைய கல்வியை எவரும் குறை கூறவில்லை. அவர் முகத்தைக் கோணும் விதம் மாணவரைப் பாதிக்கும் என்று ஒரு பள்ளியினரும், மாணவர் நகைப்பார்கள் என்று மற்றொரு பள்ளியினரும் அவரை விலக்கினர். 1735-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தவை இவை. கல்வி மிகுந்த ஒருவருக்கு அவருடைய தோளே வாயிலை அடைத்துவிட்டது.

அந்த ஆண்டிலேயே, ஜூலை மாதம் 9-ஆம் நாள், டெர்பி நகரத்துத் தேவாலயம் ஒன்றில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலிசபெத் போர்ட்டர். ஜான்ஸன் அவரை டெட்டி என்று அழைப்பார். பர்மிங்ஹாமில் துணி வணிகராக இருந்து முந்திய ஆண்டில் இறந்த ஒருவரின் மனைவி; மூன்று மக்களுக்குத் தாய். மணமகனுக்கு வயது இருபத்தைந்து, மணமகளுக்கு நாற்பத்தாறு. ஊரார் நகைத்ததில் வியப்பில்லை. ஆயினும் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பியே மணந்ததாக ஜான்ஸன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். திருமணத்திற்குக் குதிரையேறிச் சென்றபோது, நீர் மிக விரைகிறீர், மிகத் தாழ்க்கிறீர் என்று மணமகள் மாற்றி மாற்றிக் குறைசொன்னாராம். சினங்கொண்ட மணமகன் குதிரையை முடுக்கி, கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் சென்றுவிட்டாராம். இல்லறம் தொடங்கிய அழகு இது!

டெட்டியின் மகள் லூசி பின்னாளில் பாஸ்வெலிடம் சொன்ன செய்தி ஒன்று உண்டு. ஜான்ஸன் முதன்முதலில் தங்கள் வீட்டிற்கு வந்தபோது எலும்பு தெரிய மெலிந்திருந்தார். தழும்புகள் ஆழமாகத் தெரிந்தன. உடல் அடிக்கடி திடுக்கிட்டு அசைந்தது. அந்த அசைவுகள் வியப்பையும் நகைப்பையும் எழுப்பின. ஆனால் தாய் அவருடைய உரையாடலிலே ஈடுபட்டு, புறத்தோற்றத்தை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. தாம் கண்டவர்களுள் இவரைவிட அறிவுடையவர் இலர் என்று மகளிடம் சொன்னார். மற்றவர் அவருடைய உடலைக் கண்ட இடத்தில், டெட்டி அவருடைய பேச்சைக் கேட்டார். இச்செய்தியை நான் பல முறை படித்திருந்தும், அதன் முழுப் பொருளும் ஓவியர் ரெனால்ட்ஸின் குறிப்பைப் படித்த பின்னரே எனக்கு விளங்கியது.

சர் ஜோசுவா ரெனால்ட்ஸ் ஜான்ஸனின் நெருங்கிய நண்பர். அவரை எதிரே அமர்த்தி ஓவியம் தீட்டியவர். பாஸ்வெல் இந்த அசைவுகளை வலிப்பு வகை என்று கருதினார். ரெனால்ட்ஸ் அதை மறுத்தார். அசையாமல் இருக்கும்படி சொன்னால் மற்றவரைப் போலவே ஜான்ஸனால் அமர்ந்திருக்க முடிந்தது. ஆகவே அது வலிப்பு அன்று, தீய பழக்கமே என்பது அவர் முடிபு. மேலும் ஒன்றையும் அவர் கண்டார்: உரையாடலில் ஈடுபடாத வேளையிலேயே ஜான்ஸனுடைய துன்ப எண்ணங்களும் அவற்றோடு அசைவுகளும் மேலோங்கின, ஆதலால் தனிமையைவிட எந்தத் தொழிலையும் எந்தத் துணையையும் அவர் விரும்பினார்.

ரெனால்ட்ஸின் கண் ஓவியரின் கண். அவர் கண்டவை இரண்டும் உண்மை. ஆனால் முதற்காட்சியிலிருந்து அவர் பெற்ற முடிபு தவறானது. துடிப்பைச் சிறிது நேரம் அடக்கலாம். மூச்சை அடக்குவது போன்றது அது. அடக்க அடக்க உள்ளே ஓர் உந்துதல் பெருகும். பின்னர் அது வெளிப்பட்டே தீரும். அடக்க முடிவதனாலேயே அது விரும்பிச் செய்யும் செயல் ஆகிவிடாது. ஜான்ஸனே இதை உணர்ந்தாரா என்பது ஐயத்திற்குரியது. ஒரு சிறுமி அவரிடம் நேரே, ஏன் இப்படியெல்லாம் அசைகிறீர்கள் என்று கேட்டாள். தீய பழக்கத்தால் என்றும், நீ அத்தகைய பழக்கத்துக்கு இடங்கொடாதே என்றும் பரிவோடு விடை கூறினார். தம் நோயைத் தம் குற்றமாகவே அவர் சுமந்தார் போலும். நான் கையைக் கிள்ளியபோதெல்லாம் என் கணவரும் மறுப்பு ஒன்றும் சொன்னதில்லை.

இனி, இரண்டாம் காட்சியை லூசி சொன்னதோடு இணைத்துப் பாருங்கள். டெட்டியை ஈர்த்தது அவருடைய உரையாடல். அவருடைய உடலுக்கு ஓய்வு தந்ததும் அந்த உரையாடலே. ஆவலோடு கேட்கும் ஒருவர் எதிரில் இருந்தபோது ஜான்ஸனின் மனம் முழுதும் பேச்சிலே சென்றது. டெட்டி மருத்துவம் செய்ய எண்ணவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவே.

இதனால் அவர்களுடைய இல்லறம் இனிதே நடந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். மனைவியின் பொருளைக்கொண்டு இடியல் என்னும் சிற்றூரில் ஜான்ஸன் ஒரு பள்ளி தொடங்கினார். மாணவர் சிலரே சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நடிகர் டேவிட் காரிக். அவர் ஆசிரியருடைய அறைக் கதவின் சாவித்துளை வழியே ஒட்டுப்பார்த்து, கணவன் மனைவி இருவரையும் நடித்துக் காட்டிக் கூட்டாளிகளைச் சிரிக்க வைப்பார். பள்ளி மூடப்பட்டது. 1737-இல் ஆசிரியரும் மாணவருமாக லண்டனுக்குப் புறப்பட்டனர். டெட்டி பின்னர் வந்து சேர்ந்தார். ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. ஜான்ஸனுக்கு உதவி தேடித்தர முயன்ற கவிஞர் போப்பும், அவருக்குள்ள வலிப்பு போன்ற குறையைத் தம் குறிப்பில் எழுத நேர்ந்தது. டெட்டி மதுவையும் அபினியையும் நாடினார். இறுதி ஆண்டுகளில் பெரும்பாலும் நோயாளியாகவே இருந்தார். ஆயினும் 1750-இல் ஜான்ஸன் ‘ராம்ப்ளர்’ இதழைத் தொடங்கியபோது, சில இதழ்களைப் படித்துவிட்டு, உம்மைப் பற்றி நான் முன்பே உயர்வாக எண்ணியிருந்தேன், இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்னும் கருத்துப்பட அவர் சொன்னாராம். 1752 மார்ச்சில் அவர் இறந்தார். அகராதி வெளிவர மூன்று ஆண்டுகள் இருந்தன. அவர் அணிந்திருந்த திருமண மோதிரத்தை ஜான்ஸன் ஒரு சிறிய வட்ட மரப்பெட்டியில் வைத்துக் காத்தார்.

மனைவி மறைந்தபின் அந்த வீடு ஆதரவற்றோர் பலர் தங்கும் வீடாயிற்று. கண்பார்வை இழந்த அன்னா வில்லியம்ஸ் அவர்களுள் ஒருவர். ரெனால்ட்ஸின் வீட்டு வாயிற்படியில் அப்பெண்மணியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஜான்ஸன், வாயிலைக் கடப்பதற்குரிய தம் காலசைவுகளைச் செய்வதற்காக அவர் கையை விட்டுவிடுவார். அல்லது அவரையும் சேர்த்தே சுழற்றிவிடுவார். 1762-இல் ஒருவருடைய வீட்டில் ஒரு மூலையில் நின்று காலை நீட்டி நீட்டி அவர் அசைந்தபோது, வீட்டுக்காரர் அருகே வந்து, வீடு பழையதாயினும் தளம் உறுதியானதே என்று தேற்றினார். இதைச் சொல்லி மாணவர் சிரித்தால் நான் தடுப்பதில்லை. அந்த வீட்டுக்காரர் இழிவாக எண்ணவில்லை, தளத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

நோய்க்குப் பெயர் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1825-இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார், டாம்பியர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த பிரபுப் பெண்மணி ஒருவரின் துடிப்புகளை விவரித்தார். ஏழு வயதில் தொடங்கிய நோய் அப்பெண்மணியின் முதுமை வரை நீங்கவில்லை. திருமணமும் அதைத் தணிக்கவில்லை. பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தார். 1885-இல் பாரிஸ் நகரின் ஜில் டி லா டூரெட் என்னும் இளம் மருத்துவர், அப்பெண்மணியையும் சேர்த்து ஒன்பது நோயாளரைக் குறித்து எழுதினார். அவருடைய ஆசிரியர் ஷார்க்கோ அந்நோய்க்கு மாணவர் பெயரையே சூட்டினார். 1902-இல் மேஜ், பைண்டல் என்னும் இருவர் ஒரு நூல் வெளியிட்டனர். நோயாளரைக் கண்ணாடி முன் நிறுத்தி, அசையாதிருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியை அதில் வற்புறுத்தினர். மன உறுதி குறைந்தவரென்று நோயாளரைக் கருதிய காலம் அது. ரெனால்ட்ஸின் பிழைதான் மருத்துவ நூலில் ஏறிவிட்டது.

அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. நியூயார்க்கில் ஆர்தர் ஷாபிரோவும் உளவியல் அறிஞராகிய அவர் மனைவி எலேனும், ஹாலோபெரிடால் என்னும் மருந்தால் இந்நோய் தணிவதை 1968-இல் எழுதினர். மருந்துக்கு நோய் இணங்குமானால் அது உடலின் நோய். வளர்ப்பின் குற்றமோ உறுதியின் குறையோ அன்று. அம்மருந்து உறக்கத்தையும் உடல் விறைப்பையும் தந்தமையால் பலருக்கு அது ஒத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1972-இல் அந்நகரத்திலேயே நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். 1979-இல் மருத்துவர் மரே, ஜான்ஸனுக்கு இருந்தது டூரெட் நோயே என்று பிரிட்டனின் மருத்துவ இதழில் எடுத்துக் காட்டினார்.

மருந்தில்லாத வழியை 1973-இல் அஸ்ரின், நன் என்னும் இருவர் வகுத்தனர். துடிப்பு எழுமுன் தோன்றும் உந்துதலை நோயாளர் முதலில் கவனிக்கக் கற்கிறார். பின்னர், உந்துதல் அடங்கும்வரை, அத்துடிப்புக்கு இடந்தராத மெல்லிய அசைவு ஒன்றைத் தாங்குகிறார். கழுத்து வெட்டுக்கு மோவாயைச் சற்றே தாழ்த்திக் கழுத்துத் தசையை இறுக்கிப் பிடித்தல். செருமலுக்கு மூக்கு வழியே மெல்ல மூச்சு விடுதல். வெளிப்பார்வைக்கு இதுவும் அடக்குவதே போலத் தோன்றும், அன்று. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வேறு, வருவதை முன்னறிந்து வேறு வழியில் திருப்புவது வேறு. களைப்பும் கவலையும் துடிப்பை மிகுவிக்கும். வீட்டார் சுட்டிக்காட்டுவதும் கண்டிப்பதும் அதை வளர்க்கலாம் என்பதனால், இன்று வீட்டாருக்கும் பயிற்சியில் பங்கு தருகிறார்கள். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட 122 பேர் பங்கு கொண்டனர். இப்பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 38 பேர் தெளிவான நலம் கண்டனர்; ஆறுதலும் அறிவுரையும் மட்டுமே பெற்றவர்களுள் நூற்றுக்கு 6 பேரே. எஞ்சிய அறுபத்திரண்டு பேரையும் நான் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் படித்த பின் ஒரு நாள் மாலையில், கிள்ளுவதை விட்டு நெடுநாளான பிறகு, என் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “அது வருவதற்கு முன்னால் உங்களுக்கு எங்கே தெரிகிறது?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பின்பு இடப்புறக் கழுத்தைத் தொட்டு, “இங்கே, சட்டையின் கழுத்துப்பட்டி உரசுவது போல. இதை இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார்.

அடுத்த வாரமே கழுத்துப்பட்டி இல்லாத ஜிப்பாக்கள் நான்கு தைத்தோம். மோவாயைத் தாழ்த்தும் பயிற்சியை ஒரு மருத்துவரிடம் கற்றுக்கொண்டு வந்தார். ஏழெட்டு வாரங்களில் கழுத்து வெட்டு பாதியாகக் குறைந்தது. தோள் மட்டும் இன்னும் பழைய தோளே. விருந்துக்குச் செல்லும் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறையை முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். இடையே அவர் எழுந்து அங்கே சென்று வருவார், ஏன் என்று நான் கேட்பதில்லை. மாலை வேளைகளில் அவர் தமக்குப் பிடித்த கணக்குப் புதிர்களை எனக்கு விளக்குகிறார். எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.