வாரச் சம்பளத்தில் சேமிப்பு இலக்கு வைப்பது எப்படி? திருப்பூர் தொழிலாளர்களுக்கு ஒரு கணக்கு

திருப்பூர் வீரபாண்டி பக்கம் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு வாரம் ஒன்றரை ஷிப்ட் ஓடும். அடுத்த வாரம் ஆர்டர் இல்லாமல் இரண்டு நாள் லீவு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி விதித்தபோதும் பல ஆர்டர்கள் நின்றன. "மாசம் அஞ்சாயிரம் சேர்த்துடணும்" என்ற முடிவு உடைவது இப்படிப்பட்ட வாரங்களில்தான்.

அப்போ எதை வைத்து இலக்கு போடுவது?

நல்ல வாரத்தைப் பார்க்காதீங்க. கடந்த மூன்று மாதத்தில் சம்பளம் மிகக் குறைவாக வந்த வாரத்தை எடுங்க. வாடகை, மளிகை போக அதில் 250 ரூபாய்தான் மிஞ்சுதா? அதுதான் உங்க தொகை.

வாரம் 250 என்றால் மாதம் 1,000. அஞ்சலக ஆர்.டி. கணக்கை 100 ரூபாயிலேயே தொடங்கலாம். 6.7% வட்டியில் மாதம் 1,000 வீதம் 5 ஆண்டில் கட்டுவது 60,000. கையில் வருவது சுமார் 71,300 ரூபாய். வட்டி விகிதம் காலாண்டுக்கு ஒருமுறை மாறலாம், கேட்டுட்டு தொடங்குங்க.

ஒரு மாதம் தவறினால்?

100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். ஆயிரத்துக்கு 10 ரூபாய், ஒரு டீ காசு. ஆனால் 4 தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும். அதன்பின் 2 மாதத்துக்குள் புதுப்பிக்கணும். ஓராண்டு ஆகி 12 தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். ஸ்கூல் ஃபீஸுக்கு கந்துவட்டி பக்கம் போக வேண்டாம்.

ஒன்றரை ஷிப்ட் ஓடும் மாதத்தில் இலக்கை ஏத்தாதீங்க. வரப்போகும் தவணைகளை முன்கூட்டியே கட்டலாம். 6 மாதத்துக்குக் கட்டினால் சிறு தள்ளுபடியும் உண்டு.