மாத்தளை இருப்புப்பாதையும் நீராவி எஞ்சின்களும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை வழியாக மாத்தளைக்குச் செல்லும் அகலப்பாதை 1880இல் திறக்கப்பட்டது. பல தலைமுறைக்கு இதில் ஓடியவை நீராவி எஞ்சின்கள். மலையக மக்களுக்கு அது கரிக்கோச்சி.

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே நோக்கம். மாத்தளைக் கிளைக்கும் அதே கணக்குத்தான். ஆனால் 1869இலேயே கோப்பி இலைகளில் துரு நோய் கண்டுவிட்டது. எஞ்சின் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது கோப்பி சாய்ந்துகொண்டிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவுமே பாதையை வாழவைத்தன.

சரக்குக்கு வந்த ரயில் ஆளுக்கு வரவில்லை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயில் போனது 1914இல்தான்.

மாத்தளை கண்டியைவிடத் தாழ்ந்த ஊர். ஆகவே சுமை ஏற்றித் திரும்பும் ரயிலுக்குத்தான் ஏற்றம். ஏற்றத்தில் கொதிகலனின் நீர் பின்பக்கம், உலைப் பக்கமாகச் சாயும். நீர்மட்டக் கண்ணாடி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பிய ஃபயர்மேன், மேடு தாண்டி எஞ்சின் தலை கவிழ்ந்ததும் மாட்டிக்கொள்வார். நீர் முன்னே ஓட, உலையின் மேல்தகடு வறண்டு சூடேறும். அதில் பதித்த ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து அதை அடக்கும். தகடு பிழைக்கும், ரயில் அங்கேயே நிற்கும். கரி அள்ளிப்போடுவது வேலையில் பாதிதான்; மீதி, தண்ணீரைக் கணிப்பது.

1954இல் கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா டீசல் எஞ்சின்கள் வந்தன. பி. டி. ரம்பால புகையிரதப் பகுதியின் தலைமையில் இருந்த காலத்தில் டீசல் வேரூன்றியது. நீராவி படிப்படியாக ஒதுங்கியது. பெரும்பாலானவை பழைய இரும்பாயின.

தப்பியவற்றில் பேர்பெற்றது, பி1 வகுப்பு 251ஆம் எண் ‘சர் தோமஸ் மெயிற்லண்ட்’. மான்செஸ்டரின் பேயர் பீகொக் ஆலையில் 1920களின் பிற்பகுதியில் உருவானது. பின்னாளில் ‘வைஸ்ரோய் ஸ்பெஷல்’ சுற்றுலா ரயிலை இழுத்தது. இத்தகைய எஞ்சினை ஓடும் நிலையில் வைத்திருப்பது எளிதல்ல. சும்மா நின்றால் கொதிகலனுக்குள் ஈரம் தங்கித் துரு ஏறும். குழாய்களை மாற்றி, நீரழுத்தச் சோதனை செய்யாமல் தீ மூட்ட முடியாது. செய்த ஆலையும் 1966இல் மூடிவிட்டதால் உதிரிப் பாகங்களைப் பட்டறையில்தான் கடைந்தெடுக்க வேண்டும். ஆனாலும் வர்ணம் பூசி நிறுத்திய பத்து எஞ்சின்களைவிட ஓடும் ஒன்று மேல். அதோடு கைத்தொழிலும் பிழைக்கிறது.

முதல் ரயிலின் 150ஆவது ஆண்டு நிறைவு நாளான 2014 டிசம்பர் 27 அன்று கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களை அருகில் நின்று பார்க்க விரும்புவோர், கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவையில் இறங்கிக்கொள்ளலாம்.