இங்கிலிஷ் ஆற்றின் மீன்பிடி விடுதிகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கு மூலையில், மனிடோபா மாகாண எல்லையை ஒட்டிக் கிடக்கும் நிலப்பரப்பு, பழம்பாறையும் ஊசியிலைக் காடும் எண்ணற்ற ஏரிகளும் கலந்த ஒன்று. டிரைடன் நகரின் அருகே ஓடும் வாபிகூன் ஆறு, வடமேற்காகச் சென்று, கிளே லேக் என்னும் ஏரியைக் கடந்து, பால் லேக் என்னும் இன்னோர் ஏரியில் இங்கிலிஷ் ஆற்றோடு கலக்கிறது. கலந்த நீர் மேற்கே கிராஸி நாரோஸ், வைட்டாக் என்னும் இரண்டு பழங்குடிக் குடியிருப்புகளின் வழியே சென்று, எல்லையருகே வின்னிபெக் ஆற்றில் சேர்கிறது. இந்நிலத்தின் மக்கள் அனிஷினாபே இனத்தவர். 1873-இல் அவர்களுடைய தலைவர்களும் கனடா அரசும் செய்துகொண்ட மூன்றாம் உடன்படிக்கை, சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை அரசின் கைக்கு மாற்றியபோதிலும், அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அம்மக்களுக்கு இருந்த உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றுவழியில் தழைத்த மீன்பிடி விடுதித் தொழில், அந்த மக்களின் அறிவையும் உழைப்பையும் அடித்தளமாகக் கொண்டே எழுந்தது என்பதை, விடுதிகளின் விளம்பர ஏடுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மீன்பிடி விடுதி என்பது ஏரிக்கரையில் மரக்கட்டைகளால் எழுப்பிய ஒரு பெரிய உணவுக்கூடமும், அதைச் சுற்றிச் சில சிறு குடில்களும், ஒரு படகுத்துறையும், மரத்தூள் நிரப்பிய ஒரு பனிக்கட்டிக் கிடங்கும் சேர்ந்த அமைப்பு. விருந்தினர் ஒரு வாரத்துக்கு ஒரே கட்டணம் செலுத்துவர். மூன்று வேளை உணவும் படகும் அதில் அடங்கும். இத்தகைய ஏற்பாட்டுக்கு அத்தொழிலில் ‘அமெரிக்கத் திட்டம்’ என்று பெயர். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மின்னசோட்டா, இல்லினாய், விஸ்கான்சின் முதலிய அமெரிக்க மாநிலங்களிலிருந்தே வந்தனர் என்பதால் அப்பெயர் இருவகையிலும் பொருந்தியது.

தொழிலின் தொடக்கம் இருப்புப்பாதையோடு வந்தது. கனடியன் பசிபிக் நிறுவனத்தின் தண்டவாளம் 1880களின் தொடக்கத்தில் ராட் போர்ட்டேஜ் என்னும் ஊரை எட்டியது. அவ்வூர் 1905-இல் அண்டையூர்களோடு இணைந்து கெனோரா ஆயிற்று. சற்று வடக்கே மற்றோர் இருப்புப்பாதை வின்னிபெக் ஆற்றைக் கடக்கும் மினாகி என்னுமிடத்தில், ரயில் நிறுவனமே 1914-இல் ஒரு விடுதி கட்டியது. அதன் புதிய கட்டடம் 1925-இல் தீக்கிரையாகி, மீண்டும் பெரிதாக எழுப்பப்பட்டு 1927-இல் திறக்கப்பட்டது. (2003-இல் அதுவும் எரிந்தது. மரமாளிகைகளின் வரலாறு பெரும்பாலும் தீயில்தான் முடிகிறது.) ஆனால் மினாகி செல்வர்களின் கோல்ப் மைதானமும் நடன அரங்கும் கொண்ட இடம், மீன் அங்கே பொழுதுபோக்குகளில் ஒன்று மட்டுமே. மீனுக்காகவே நடத்தப்பட்ட சிறு விடுதிகள் பெருகியதற்குக் காரணங்கள் வேறு. 1909 வாக்கில் ஓலி எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்புறம் மாட்டும் இயந்திரம் துடுப்பின் வேலையைக் குறைத்தது. 1936-இல் கெனோராவையும் அமெரிக்க எல்லையையும் இணைத்த நெடுஞ்சாலை, மத்தியமேற்கு மாநிலங்களின் கார்களை வடக்கே கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரத்துக்குப் பதில் மிதவைகள் பூட்டி நீரிலேயே இறங்கவும் ஏறவும் வல்ல விமானங்கள், சாலையே இல்லாத ஏரிகளையும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கொண்டுவந்தன. 1947-இல் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் பீவர் விமானம் இந்த வேலைக்கென்றே பிறந்தது எனலாம். கெனோராவில் மிதவை விமான நிறுவனம் நடத்திய பார்னி லாம், தம் மனைவியோடு சேர்ந்து 1940களின் பிற்பகுதியில் பால் லேக்கில் தொடங்கிய விடுதி, இந்த மாற்றத்தின் குழந்தை. கிராஸி நாரோஸ் மக்களுக்கு வேலை கொடுத்த இடங்களில் அது முதன்மையானதாக வளர்ந்தது.

விடுதியின் ஆண்டு, பனிக்கட்டி உடைவதில் தொடங்கும். ஏரிகள் நவம்பரில் உறைந்து மே மாதத் தொடக்கத்தில்தான் திறப்பதால், விருந்தினர் வரக்கூடிய காலம் ஏறத்தாழ ஐந்து மாதங்களே. நீர் நான்கு பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் மிகுந்த அடர்த்தி பெறும்; ஆகவே வசந்தத்தில் மேல்நீர் அந்த அளவுக்குச் சூடேறியதும் அடிவரை கலந்து, ஏரி முழுவதும் ஒரே குளிர்ச்சியும் ஒரே உயிர்க்காற்றும் கொண்டதாகிறது. அப்போது ஆழத்தில் வாழும் ஏரி டிரவுட் மீனும் கரையருகே வரும். பிக்கரல் என்று கனடியரும் வால்ஐ என்று அமெரிக்கரும் அழைக்கும் மீன், பனிக்கட்டி போன உடனே ஓடைவாய்களிலும் சரளைத் திட்டுகளிலும் முட்டையிடும். அதனாலேயே அதைப் பிடிக்க ஏப்ரல் நடுவிலிருந்து தடை விதித்து, மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று நீக்கும் வழக்கம் இப்பகுதியில் நிலைபெற்றது. அந்தச் சனிக்கிழமைதான் விடுதிக்காரர்களின் புத்தாண்டு.

பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு; மங்கல் ஒளியில் நன்றாகப் பார்க்கும் அது, வெயிலில் ஆழத்துக்கும் பாறை நிழலுக்கும் ஒதுங்கும். ஜூலையில் மேல்நீர் சூடேறி, அதற்கும் அடியிலுள்ள குளிர்நீருக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டான பிறகு, எந்தப் பாறைத்திட்டின் எந்தப் பக்கத்தில், எத்தனை அடி ஆழத்தில், காற்று எந்தத் திசையில் அடிக்கும்போது மீன் கூடும் என்பதை அறிந்தவனுக்கே தூண்டில் பயன்படும். இவ்வறிவைக் கொண்டிருந்தவர்கள் அனிஷினாபே வழிகாட்டிகள். ஏரியின் ஆழ வரைபடங்களும் ஒலியலைக் கருவிகளும் பரவாத காலத்தில், தங்கள் பாட்டன்மார் வலைபோட்ட இடங்களை நினைவில் வைத்திருந்த அவர்களே விடுதியின் உண்மையான மூலதனம். ஒரு வழிகாட்டியும் இரண்டு விருந்தினரும் ஒரு படகில் செல்வது வழக்கம். வழிகாட்டி இயந்திரத்தை ஓட்டி, முள்ளில் பொடிமீனைக் கோத்துக்கொடுத்து, சிக்கிய மீனை வலைக்கரண்டியால் ஏந்தி எடுப்பார்.

நண்பகலில் எல்லாப் படகுகளும் ஏதேனும் ஒரு பாறைக்கரையில் ஒதுங்கும். அங்கே நடப்பதுதான் ‘ஷோர் லஞ்ச்’ எனப்படும் கரைச் சமையல். இத்தொழிலின் வழக்கங்களிலெல்லாம் இதற்கு ஈடாக விருந்தினர் மனத்தில் நின்றது வேறில்லை. காலையில் பிடித்த பிக்கரல்களை வழிகாட்டி துடுப்பின் தட்டையான பரப்பின்மேல் வைத்து, முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டி, இரண்டு சதைத்துண்டுகளாகப் பிரித்து, தோலை உரித்தெடுப்பார். காய்ந்த விறகில் மூட்டிய தீயின்மேல் பெரிய வார்ப்பிரும்புச் சட்டி ஏறும். பன்றிக்கொழுப்பு உருகிப் புகையத் தொடங்கும்போது, முதலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும், பின்னர் மாவில் புரட்டிய மீன்துண்டுகளும் அதில் விழும். டப்பாவோடு தீயருகே சூடாக்கிய அவரையும் கரிய கெண்டியில் கொதித்த காப்பியும் உடன்வரும். விருந்தினர் ஆண்டில் ஒரு வாரம் இதை உண்டு ஊர் திரும்புவர். வழிகாட்டியோ மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் அதே மீனை அதே சட்டியிலிருந்து உண்டார்; மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றதும் பெரும்பாலும் மீனே. பின்னால் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

ஆகஸ்டு முடிவில் வேலை மெல்ல மாறும். ஆழங்குறைந்த விரிகுடாக்களில் ‘மனூமின்’ என்னும் காட்டரிசி முற்றும் பருவம் அது. இருவர் ஒரு தோணியில் சென்று, ஒருவர் கோலூன்ற, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து மறு குச்சியால் தட்டித் தோணிக்குள் மணி உதிர்ப்பர். பிறகு வறுத்து, மிதித்து, புடைத்து எடுப்பர். நீர்மட்டம் உயர்ந்தால் இப்பயிர் பாழாகிவிடும் என்பதால், 1958-இல் வைட்டாக் நீர்வீழ்ச்சியிலும் காரிபூ நீர்வீழ்ச்சியிலும் எழுந்த மின் அணைகள் இந்த அறுவடைக்குத் தீங்கு செய்தன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டைக்கும் வாத்து வேட்டைக்கும் வருவோரை அழைத்துச் செல்ல அதே வழிகாட்டிகள் வேண்டியிருந்தனர். நவம்பரில் விடுதி பூட்டப்படும். வழிகாட்டிகள் குடும்பத்தோடு காட்டுக்குள் தத்தம் தடங்களில் பொறிவைத்து நீர்நாய், பீவர், மிங்க் ஆகியவற்றின் தோலைச் சேர்ப்பர். குளிரின் உச்சத்தில், அரை மீட்டருக்கு மேல் உறைந்த ஏரியை நீண்ட வாள்களால் கட்டிகட்டியாக அறுத்து, குதிரையாலோ இயந்திரத்தாலோ இழுத்து, கிடங்கில் மரத்தூளுக்குள் அடுக்கும் வேலை உண்டு. மின்சாரம் எட்டாத இடங்களில் ஆகஸ்டு மாத விருந்தினரின் மீனும் இறைச்சியும் கெடாமல் இருந்தது ஜனவரியில் அறுத்த இந்தக் கட்டிகளால்தான். ஆக, விடுதி அனிஷினாபே மக்களுக்குப் புதியதொரு நாட்காட்டியைக் கொண்டுவரவில்லை. அவர்களுடைய பழைய நாட்காட்டியின் கோடைப்பகுதியை மட்டும் கூலிவேலையாக மாற்றியது. அந்த வேலை அவர்களுக்குத் தாழ்வாகத் தோன்றாததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

1962-இல் டிரைடனில், காகித ஆலையை ஒட்டி, ரசாயனத் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. காகிதக்கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுக்கும் அன்றைய முறையில் பாதரசம் ஒரு மின்முனையாகப் பயன்பட்டது. 1970 வரையிலான எட்டாண்டுகளில் சுமார் 9,000 கிலோ பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது. ஆற்றின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய வடிவமாக மாற்றும். அது பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பிக்கரல், ஜாக்ஃபிஷ் போன்ற கொன்றுண்ணி மீன்களுக்கும் படிக்குப்படி செறிந்துகொண்டே போகும். கொழுப்பில் அல்லாமல் சதைப்புரதத்தில் ஒட்டிக்கொள்வதால், தோலுரித்தாலும் பொரித்தாலும் அது நீங்காது. நிறமோ சுவையோ மணமோ காட்டிக்கொடுக்காது. மீன் எவ்வளவு முதியதோ, எவ்வளவு பெரியதோ, அவ்வளவு நஞ்சு. விருந்தினர் பாடம்செய்து சுவரில் மாட்ட விரும்பிய மீன்களே நஞ்சு மிகுந்தவை.

1970-இன் தொடக்கத்தில், நார்வேயைச் சேர்ந்த ஆய்வு மாணவர் நோர்வால்ட் ஃபிம்ரைட், ஒன்டாரியோவின் தென்கோடியிலுள்ள செயின்ட் கிளேர் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பதைத் தெரிவித்ததை அடுத்து, மாகாணத்தின் பிற நீர்நிலைகளும் சோதிக்கப்பட்டன. வாபிகூன்–இங்கிலிஷ் ஆற்று மீன்களில் பாதரசம், உணவுக்கான வரம்பாகிய பத்து லட்சத்தில் 0.5 பங்கைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அவ்வாண்டே அரசு வணிக மீன்பிடிப்பை நிறுத்தியது. வலைபோட்டுப் பிழைத்த குடும்பங்களின் வருவாய் ஒரே பருவத்தில் போயிற்று. ஆனால் தூண்டில் மீன்பிடிப்பு நிறுத்தப்படவில்லை. பிடித்து மகிழுங்கள், உண்ணாதீர்கள் என்னும் பொருளில் ‘ஃபிஷ் ஃபார் ஃபன்’ என்ற அறிவிப்போடு அது தொடர அனுமதிக்கப்பட்டது. சுற்றுலா வருவாயைக் காப்பதற்காகச் செய்த இந்த ஏற்பாடு, கரைச் சமையலை அன்றாட உணவாகக் கொண்டிருந்த வழிகாட்டிகளை எண்ணிப் பார்த்துச் செய்ததாகக் கொள்வதற்கு இடமில்லை. பார்னி லாம் தம் விருந்தினருக்கும் பணியாளருக்கும் இந்த மீனைப் பரிமாற மாட்டேன் என்று 1970-இல் பால் லேக் விடுதியை மூடினார். தொழிலின் வரலாற்றில் ஒரு முதலாளி எடுத்த முடிவுகளில் இது நேர்மையானது; ஆயினும் அதன் விலையில் பெரும்பங்கை வேலையிழந்த கிராஸி நாரோஸ் மக்களே செலுத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1963-இல்தான் அம்மக்கள் பழைய தீவுகளையும் கரைகளையும் விட்டு, சாலையோரப் புதுக் குடியிருப்புக்கு இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். பழைய பிழைப்பு தளர்ந்திருந்த வேளையில் புதிய பிழைப்பும் அற்றது.

நஞ்சின் அளவைக் காட்டிக்கொடுத்தது தலைமுடி. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும்; அவ்வப்போது குருதியிலிருந்த பாதரசம் அந்தந்தப் பகுதியில் பதிந்துவிடும். 1970களில் இப்பகுதி மக்களின் முடியை நீளவாக்கில் துண்டுபோட்டுச் சோதித்தபோது, கோடையில் ஏறி, குளிர்காலத்தில் இறங்கும் அலைவடிவம் தெரிந்தது. வழிகாட்டிகளிடம் அந்த ஏற்றம் குறிப்பாக மிகுதி. விடுதியின் பருவகாலங்கள், பனியுடைவு முதல் பனியுறைவு வரை, அவர்கள் உடலிலேயே பதிவாகியிருந்தன. 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பாதரச நோயை ஆராய்ந்த மருத்துவர் ஹராடா மசாசுமி 1975-இல் இங்கு வந்து, கைகால் மரத்தல், பார்வைப் புலம் குறுகுதல் முதலிய அதே அறிகுறிகளைக் கண்டார். அதன்பின் பத்தாண்டு வழக்கும் பேச்சும் நடந்து, 1985-இல் நிறுவனங்களும் இரு அரசுகளும் சேர்ந்து 1.667 கோடி கனடிய டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டன. கிராஸி நாரோஸ் மக்களின் பழைய முடிச்சோதனைப் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. பாதரசம் மிகுந்திருந்தவர்கள் அறுபது வயதுக்கு முன்னரே இறக்கும் வாய்ப்பு கூடியிருந்ததை அது காட்டியது.

கெனோராவைச் சுற்றிய பிற ஏரிகளில் இன்றும் விடுதிகள் நடக்கின்றன. மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையில் படகுகள் புறப்படுகின்றன. நண்பகலில் சட்டி தீயேறுகிறது. வாபிகூன்–இங்கிலிஷ் ஆற்றின் அடிச்சேற்றிலோ பாதரசம் இன்னும் கிடக்கிறது. அதை அகற்ற ஒன்டாரியோ அரசு 8.5 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தது 2017-இல். பால் லேக் விடுதி மூடப்பட்டு அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.