கயோலின் படிவின் தரம்: இரும்பின் அளவைவிட அது இருக்கும் இடமே முக்கியம்

காகிதம், பீங்கான், பெயிண்ட், ரப்பர் தொழில்களின் மூலப்பொருளான கயோலின் எனும் வெண்களிமண், தென் கேரளத்தில் இருவகைப் படிவுகளாகக் கிடைக்கிறது. கொல்லம் மாவட்டம் குண்டறையில் நீரோட்டம் கொண்டுவந்து படியவைத்த களி உள்ளது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, மகாகவி குமாரன் ஆசான் நினைவகம் அமைந்துள்ள தோன்னக்கல்லில் இருப்பதோ, பாறை நின்ற இடத்திலேயே சிதைந்து உருவான களி.

தோன்னக்கல் களியின் தாய்ப்பாறை கொண்டலைட். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம், நீண்டகால மழைநீர்க் கசிவால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இழந்து கயோலினைட்டாக மாறியுள்ளது. கார்னெட் சிதையும்போது வெளிவரும் இரும்பு களியில் கறையாகப் படிகிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ், சிலிமனைட், கிராஃபைட் ஆகியவை அப்படியே எஞ்சிவிடுகின்றன.

தூய கயோலினைட்டில் சிலிக்கா சுமார் 46.5 சதவீதம், அலுமினா 39.5 சதவீதம், எஞ்சிய 14 சதவீதம் நீர். இந்த எண்களை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். சிலிமனைட் கலந்திருந்தால் அலுமினா கூடும்; குவார்ட்ஸ் கலந்திருந்தால் சிலிக்கா கூடும். இரண்டும் சேர்ந்தால், களி குறைவாக உள்ள மண்கூட வேதியியல் அறிக்கையில் நல்ல கயோலினாகத் தோன்றக்கூடும்.

இதனால்தான் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஆய்வு அவசியமாகிறது. கயோலினைட் படிகத்தின் அடுக்குகளுக்கு இடையிலான தொலைவு சுமார் 7.15 ஆங்ஸ்ட்ராம். மாதிரியை 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் நீர்க்கூறு வெளியேறி, இந்த அடையாளம் மறைந்துவிடும். அதன் நெருங்கிய உறவான ஹாலோசைட்டும் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ இதே தொலைவைக் காட்டுவதால், மின்னணு நுண்ணோக்கியின் துணை தேவைப்படுகிறது. கயோலினைட் அறுகோணத் தகடுகளாகவும், ஹாலோசைட் பெரும்பாலும் நுண்குழாய்களாகவும் தென்படும்.

விலையை நிர்ணயிப்பது வெண்மை. வெண்மையைக் கெடுப்பவை இரும்பும் டைட்டானியமும். துகள்களின் மேல் ஆக்சைடாகப் படிந்த இரும்பை சோடியம் டைதயோனைட் கொண்டு கரைத்து நீக்கலாம். டைட்டானியம் கனிமமான அனடேஸை, இரும்புக் கறை படிந்திருந்தால், வலுவான காந்தப்புலத்தால் பிரிக்கலாம். ஆனால் படிகத்துக்குள் அலுமினியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இரும்பை எந்த வெளுப்பு முறையும் அசைக்காது. ஒரே அளவு இரும்பு கொண்ட இரு மாதிரிகளில் ஒன்று வெளுப்பதும் மற்றொன்று மங்கலாகவே நிற்பதும் இதனால்தான்.

வெளுக்காத களி உயர்தரக் காகிதப் பூச்சுக்கு ஏற்காது. எனினும், அதைச் சுட்டு மெட்டாகயோலினாக்கி சிமெண்டுடன் கலப்பதற்கு நிறம் பெரிய தடையல்ல.