சேர்வராயன் மலையைக் 'கண்டுபிடித்தது' யார்?



ஆஸ்திரேலியாவில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி உலுரு பாறைக்குப் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தாள். பாலைவனத்தின் நடுவே 348 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ஒற்றைச் செம்பாறை. விடியுமுன் கிளம்பி, வழிகாட்டியோடு அடிவாரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் நடந்தாளாம். "அது அனங்கு மக்களோட சாமி இடம் சார். சில பக்கம் போட்டோ எடுக்க வேண்டாம்னு கேட்டுக்கறாங்க. நம்ம ஊர்ல இப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தாள். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கிறது. நம் சேலத்துக்காரர்கள் ஏற்காடு போனால் ஏரியில் படகு, லேடீஸ் சீட், கொஞ்சம் மிளகு என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில். கோயில் என்றால் கோபுரம் தேடாதீர்கள். குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்பது அங்கே வழங்கும் பேச்சு. ஆங்கிலேயர் வாயில் 'செவராய்' ஆனது இந்தச் சாமியின் பெயர்தான்.

மாசி மாதம் ஒரு விடியற்காலை அங்கே நடந்தேன். வழிகாட்டியாக வந்தவர் என்னிடம் படித்த தம்பி, அந்த மலையின் மலையாளி சமூகத்தவர். கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ், அரசின் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். "சாமிய வலமா சுத்தியே போலாம் சார்" என்று முன்னால் நடந்தார். பனியில் நனைந்த புல், உச்சி முழுக்கத் தட்டையான வெளி. கிழக்கே கல்வராயன் மலை கறுப்புக் கோடாகத் தெரிந்தது, அதற்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்களாம். பெரியண்ணன் இந்த மலையில் தங்கிவிட்டார். மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள். கொல்லிமலை இருக்கும் திசையை அவர் கையால் காட்டிச் சொன்னபோது, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909ல் அச்சிட்ட தொகுதிகளிலும் இந்தக் கதை உண்டு. தம்பி அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. பாட்டி சொன்னதுதான்.

இப்போது என் பழைய கோபத்துக்கு வருகிறேன். ஏற்காட்டை 1842ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். மன்றோ 1827 ஜூலையில், பத்திகொண்டாவில் காலராவால் இறந்துபோனார். இறந்து பதினைந்து வருடம் கழித்து எப்படி மலையேறினார் என்று எழுதியவர்கள் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. திப்புவோடு நடந்த போருக்குப் பின் 1792ல் சேலமும் பாரமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. அப்போது கேப்டன் ரீடின் கீழ் வரிவசூல் பார்த்த இளம் அதிகாரி மன்றோ. நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் தொடர்பு அது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலையில் காப்பி வைத்தார். கிரேஞ்ச் எஸ்டேட் அந்தக் காலத்துப் பெயர். அவருக்கு 'ஏற்காட்டின் தந்தை' என்று பட்டமும் உண்டு. காப்பிக்குத் தந்தை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆண்டு தவறு என்பது சின்ன விஷயம். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்தான் உறுத்துகிறது. இந்த மலைகளில் தீட்டி மெருகேற்றிய புதிய கற்காலக் கோடாரிகள் கிடைத்திருக்கின்றன. புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலேயே அவை பதிவாயின. அவற்றில் பல மண்ணைத் தோண்டி எடுத்தவை அல்ல. மலைமக்கள் கண்டெடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்திருந்தவை. செய்தவர் யாரென்று தெரியாத பொருளைச் சாமி முன் வைத்துக் காத்த ஊரை, குதிரையில் ஏறிவந்த ஒருவர் 'கண்டுபிடித்தார்' என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

உலுருவுக்கும் இதுதான் நடந்தது. 1873ல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் அதைப் பார்த்து, தெற்கு ஆஸ்திரேலியாவின் அரசியல்வாதி ஹென்றி ஏயர்ஸ் பெயரைச் சூட்டினார். நூறு வருடத்துக்கு மேல் உலகம் 'ஏயர்ஸ் ராக்' என்றது. 1985 அக்டோபர் 26ல் நிலம் அனங்கு மக்களிடம் திரும்பியது. அவர்கள் அதை அரசுக்கே 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். ஏற வேண்டாம் என்று பல காலம் சொல்லிவந்தது, 2019ல் அதே அக்டோபர் 26 அன்றுதான் தடையாக நடப்புக்கு வந்தது. நம் மலைக்குப் பெயராவது திரிந்த உருவில் தப்பியது.

நிலம் அப்படித் தப்பவில்லை. இந்த மலைகள் சார்னோகைட் என்ற கடினப் பாறை. லட்சக்கணக்கான வருட மழையில் உச்சிகள் கரைந்து மக்கி, பாக்சைட் படிவமாக மாறியிருக்கின்றன. சாமி இருக்கும் உயரத்தில்தான் அலுமினியமும் இருக்கிறது. 1960களில் மேட்டூரில் தொடங்கிய ஆலைக்கு இந்த உச்சிகளைத் தோண்டித்தான் மண் போனது. சுற்றி முடிக்கும் இடத்தில் தம்பி நின்றார்.

"அங்க ஒரு மேடு இருந்துச்சு சார். தாத்தா மாடு மேய்ச்ச இடம்."

எனக்குப் பள்ளமும் அதில் முளைத்த புதரும்தான் தெரிந்தன. அவர் இன்னும் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேட்டுக்கு ஒரு பெயர் சொன்னார். எந்த வரைபடத்திலும் நான் பார்த்திராத பெயர்; எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எங்க பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க சார்" என்றார். இன்னும் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை.

மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும். வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். முதல் நாளே போய்த் தங்கினால்தான் விடியலில் நடக்க முடியும். குளிருக்குச் சால்வை கட்டாயம்.