மே 18: செத்த காலேஜ் பேசும் நாள்

அன்னையர் தினம், நண்பர்கள் தினம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அருங்காட்சியகங்களுக்கும் ஒரு தினம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் மே 18ம் தேதி உலக அருங்காட்சியக தினம். அன்றைக்கு மியூசியங்களில் சிறப்புச் சொற்பொழிவு, ஓவியப் போட்டி, வினாடி வினா, பழைய காசுகள், ஓலைச்சுவடிகள் கண்காட்சி என்று ஏதாவது ஒன்று நடக்கும். மறுநாள் பேப்பரில் ஒரு சின்ன செய்தி வரும். அத்தோடு சரி!

எப்படி வந்தது இந்த நாள்?

1946ல் தொடங்கப்பட்ட சர்வதேச அருங்காட்சியகக் கவுன்சில் (சுருக்கமாக ஐகாம்) 1977ல் மாஸ்கோவில் மாநாடு நடத்தியது. அங்கே எடுத்த முடிவுதான் இந்த தினம். மக்களுக்கும் மியூசியத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைப்பதே நோக்கம். 1992ல் இருந்து வருடத்துக்கு ஒரு தலைப்பும் கொடுக்கிறார்கள். முதல் தலைப்பு "அருங்காட்சியகங்களும் சுற்றுச்சூழலும்".

உயிர் காலேஜ், செத்த காலேஜ்

மக்களை மியூசியத்துக்கு வரவைப்பது எப்படி என்ற கவலை 1977ல் பிறந்தது இல்லை. சென்னை அருங்காட்சியகம் 1851ல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு டாக்டர். அவர் ஆற்காடு நவாபிடம் பேசி, அவரிடம் இருந்த விலங்குகளை எல்லாம் மியூசியத்துக்கு வாங்கிவிட்டார். கூட்டம் குவிந்தது. 1855ல் மியூசிய வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை உருவானது. ஒரே வருடத்தில் அங்கே 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள்! பிறகு விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985ல் வண்டலூருக்குப் போயின.

சென்னை மக்கள் இரண்டுக்கும் பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். மியூசியம் செத்த காலேஜ்!

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு உண்மை இருக்கிறது. புலியைப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்வெட்டைப் பார்த்தால் விளக்க ஆள் வேண்டும். எழும்பூர் வளாகத்தில் 1896லேயே மியூசியம் தியேட்டர் என்ற அரங்கம் இருந்தது. பொருளை வைத்தால் மட்டும் போதாது, அதைப் பற்றிப் பேசவும் இடம் வேண்டும்.

மதுரையில் என்ன இருக்கிறது?

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில்தான் காந்தி மியூசியம் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15ல் நேரு திறந்து வைத்தார். அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் 1981ல் தொடங்கப்பட்டது. மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருடம் அது.

காந்தி மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ரத்தக்கறை படிந்த ஒரு துணி இருக்கிறது. காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்தது. பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். 1921 செப்டம்பர் 22ல் இதே மதுரையில், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்தான், காந்தி அரையாடைக்கு மாறினார். ஏழைகளுக்கு முழுத்துணி இல்லாதபோது தனக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஊரிலேயே அவருடைய கடைசித் துணியும் இருக்கிறது. இதை யாராவது பக்கத்தில் நின்று சொன்னால், அந்த ஒரு நிமிடம் பத்து நிமிடம் ஆகும்.

கீழடியும் அப்படித்தான். அவனியாபுரத்தில் இருந்து ரிங் ரோடு பிடித்தால் அதிக தூரமில்லை. 2019ல் ஆய்வறிக்கை வந்ததும் அகழாய்வுக் குழிகளைப் பார்க்கவே ஊர் ஊராக ஜனங்கள் வந்தார்கள். 2023 மார்ச் 5ல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. "ஆதன்" என்று தமிழி எழுத்தில் கீறிய பானை ஓடு தனியாகப் பார்த்தால் உடைந்த ஓடுதான். அரண்மனைக் கல்வெட்டில் இல்லாமல், வீட்டுப் பானையிலேயே ஒருவர் பெயரைக் கீறி வைத்த காலம் அது என்று விளக்கினால்தான் அதன் மதிப்பு புரியும்.

ஒரு சிக்கல்

மே 18 என்பது தமிழ்நாட்டில் கத்திரி வெயில் காலம். பள்ளிக்கூடங்களுக்கு லீவு. ஐரோப்பாவில் அது இதமான பருவம், அவர்களுக்குச் சரி. இங்கே யாருக்காகச் சொற்பொழிவு நடத்துகிறார்களோ அந்த மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் பல இடங்களில் பேச்சாளர் இருப்பார், கேட்க ஆள் இருக்காது.

கூட்டம் சேராத ஊர் இல்லை இது. தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காணும் பொங்கல் அன்று எழும்பூர் மியூசியத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது வெள்ளைக்காரர் காலத்திலேயே பதிவாகி இருக்கிறது. யாரும் தலைப்பு கொடுக்கவில்லை, அழைப்பிதழ் அடிக்கவில்லை. லீவு நாள், குடும்பத்தோடு வந்தார்கள். மக்கள் தானாக வரும் நாளில் பேசுவதற்கு ஆளை நிறுத்தினால் மே 18ல் நினைப்பது நடந்துவிடும்.

அதுவரைக்கும் மே 18ஐ விட வேண்டாம். லீவில் வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு தமுக்கம் பக்கம் போய் வாருங்கள். மேலமாசி வீதி கதையைத் துணிக்கு முன்னால் நின்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்றைய சொற்பொழிவு அதுவாகவே இருக்கட்டும்!